மோட்டாரை நிறுத்தாமல் டிபக்கர் வழியாக டேட்டா எடுக்கவும் கொடுக்கவும் எது சரியான வழி?

சுழல்விசை (கேள்வி)

பிரஷ்லெஸ் மோட்டார் கன்ட்ரோலர் ஒன்றை டியூன் செய்ய வேண்டியிருக்கிறது. சிப் எஸ்டிஎம்32ஜி431, 170 மெகாஹெர்ட்ஸ், ரேம் 32 கிலோபைட். கரன்ட் லூப் (கரன்ட்டை அளந்து திருத்தும் சுற்று), ஏடிசி (அளவை எண்ணாக்கும் பகுதி) இன்டரப்டுக்குள் 10 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு 100 மைக்ரோநொடி; அதில் கணக்குக்கே 38 மைக்ரோநொடி போய்விடுகிறது. புரோப் (சிப்பையும் கணினியையும் இணைக்கும் டிபக்கர்) எஸ்டி-லிங்க் வி3, கணினியில் ஓப்பன்ஓசிடியும் (புரோப்பை இயக்கும் மென்பொருள்) ஜிடிபியும் (டிபக் நிரல்).

தேவை மூன்று:

1. இரண்டு ஃபேஸ் கரன்ட், ரோட்டர் கோணம், க்யூ அச்சு வோல்ட்டேஜ் ஆகிய நான்கு 16 பிட் எண்களும் ஒவ்வொரு சுற்றிலும் கணினிக்கு வர வேண்டும்.
2. மோட்டார் ஓடும்போதே பிஐ கன்ட்ரோலரின் கேபி, கேஐ (விகித, தொகையீட்டுப் பெருக்கிகள்) மதிப்புகளைக் கணினியிலிருந்து மாற்ற வேண்டும்.
3. டிபக்கரைக் கழற்றிய பிறகும் அதே ஃபர்ம்வேர் பிசகாமல் ஓட வேண்டும்.

இதுவரை பார்த்தவை: யுஆர்டியில் 115200 பாட் வேகத்தில் பிரின்ட்எஃப். 40 எழுத்து வரி ஒன்றுக்கு 3.5 மில்லிநொடி, அதாவது 35 சுற்று. மேலும் இறுதிப் போர்டில் யுஆர்டி முள் வெளியே வரவில்லை, 10 முள் டிபக் கனெக்டர் மட்டும்தான். செமிஹோஸ்டிங் (சிப்பின் பிரின்ட் வேலையை டிபக்கர் வழியே கணினி செய்துகொடுக்கும் முறை) போட்டால் மோட்டார் உதறி ஓவர்கரன்ட் டிரிப் ஆகிறது. பிரேக்பாயின்ட் வைத்தாலும் அதே டிரிப். ஜிடிபியில் கன்டினியூ கொடுத்த பிறகு எந்த வேரியபிளையும் பார்க்க முடியவில்லை.

---

பஸ்_மேட்ரிக்ஸ்

நீங்கள் பார்த்த வழிகள் எல்லாவற்றிலும் குறை ஒன்றுதான். ஒன்றில் டேட்டாவை அனுப்பும் வேலை சிப்பின் தலையில் விழுகிறது, இல்லையென்றால் கோரே நிற்கிறது. சிப் ரேமில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட வேண்டும். அங்கிருந்து அள்ளிக்கொண்டு போவது டிபக்கரின் பாடு. கார்டெக்ஸ்-எம் சிப்புகளில் இதற்கு வசதி இருக்கிறது. எஸ்டபிள்யூடி என்ற டிபக் இணைப்பின் இரண்டு கம்பிகளுக்குப் பின்னால் இருக்கும் டிபக் அக்சஸ் போர்ட், கோரைக் கேட்காமலே பஸ்ஸில் ஏறி ரேமைப் படிக்கும், எழுதும். இருவரும் ஒரே ரேம் வங்கியை ஒரே கணத்தில் தொட்டால்தான் ஓரிரு கிளாக் தாமதம் வரும். கோர் நிற்பதே இல்லை.

செமிஹோஸ்டிங் ஏன் உதறுகிறது என்றால், ஒவ்வொரு அழைப்பும் 171 என்ற எண்ணோடு கூடிய ஒரு பிரேக்பாயின்ட் இன்ஸ்ட்ரக்‌ஷன். ஆர்0 ரெஜிஸ்டரில் எந்த வேலை என்ற எண், ஆர்1-இல் அதற்கான விவரம் இருக்கும் முகவரி. கோர் அங்கே நிற்கும். டிபக்கர் வந்து ரெஜிஸ்டர்களைப் படித்து, ரேமைப் படித்து, வேலையை முடித்து, மீண்டும் ஓடவிடும். யுஎஸ்பி வழியாக இந்தப் போய்வரலுக்கு மில்லிநொடிக் கணக்கில் ஆகும். டிபக்கர் இல்லாதபோது அதே இன்ஸ்ட்ரக்‌ஷன் ஹார்ட்ஃபால்ட்டில் (சிப் மேலே தொடர முடியாத பிழை நிலை) கொண்டுபோய் விடும். உங்கள் மூன்றாவது தேவையும் அத்தோடு போச்சு.

உங்களுக்குப் பொருத்தமானது ஆர்டிடி (ரியல் டைம் டிரான்ஸ்ஃபர்), ரேமில் உள்ள பஃபர்கள் வழியே டேட்டாவைப் பரிமாறும் முறை. செகர் நிறுவனம் உருவாக்கியது. சிப்பில் சேர்க்க வேண்டிய சோர்ஸ் கோடு திறந்தே கிடைக்கிறது. அவர்களுடைய ஜே-லிங்க் புரோப்தான் வேண்டும் என்றில்லை. ஓப்பன்ஓசிடி 0.11 பதிப்பிலிருந்து ஆர்டிடியைப் புரிந்துகொள்கிறது, புரோப்-ஆர்எஸ் என்ற டிபக் மென்பொருளும் அப்படியே.

உள்ளே இருப்பது இவ்வளவுதான். ரேமில் ஒரு கன்ட்ரோல் பிளாக். முதல் 16 பைட்டில் அடையாள எழுத்துகள், அடுத்து மேல்நோக்கிய (சிப்பிலிருந்து கணினிக்கு) பஃபர் எத்தனை, கீழ்நோக்கிய (கணினியிலிருந்து சிப்புக்கு) பஃபர் எத்தனை என்று இரண்டு எண்கள். பிறகு பஃபர் ஒன்றுக்கு 24 பைட் விவரம்: பெயர், முகவரி, அளவு, எழுதும் இடம், படிக்கும் இடம், கொடி. மூன்று மேலே, மூன்று கீழே என்ற வழக்கமான அமைப்பில் மொத்தம் 168 பைட்.

இதன் உயிர்நாடி எழுதும் இடம், படிக்கும் இடம் என்ற அந்த இரண்டு எண்கள். மேல்நோக்கிய சேனலில் எழுதும் இடத்தை சிப் மட்டுமே மாற்றும், படிக்கும் இடத்தை டிபக்கர் மட்டுமே மாற்றும். கீழ்நோக்கிய சேனலில் தலைகீழ். ஒவ்வொரு எண்ணுக்கும் எழுதுபவர் ஒருவரே என்பதால் இருவருக்கும் இடையே பூட்டு தேவையில்லை. இரண்டும் சமமானால் பஃபர் காலி என்று பொருள். அதனால் 1024 பைட் பஃபரில் 1023 தான் கொள்ளும்.

உங்கள் அளவுக்கு இப்படி அமைக்கலாம்:

சேனல் 0-ஐ எழுத்து வடிவச் செய்திக்கு விட்டுவிடுங்கள். பைனரி டேட்டாவுக்கு சேனல் 1. சேனல் 0-இல் 255 என்ற பைட்டை டெர்மினல் மாற்றும் குறியாக ஜே-லிங்க் வியூவர் எடுத்துக்கொள்ளும், பைனரி சிதறிவிடும்.

ஃபிரேம் 10 பைட்: உங்கள் 8 பைட்டோடு 16 பிட் வரிசை எண் ஒன்று. அந்த எண் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் டேட்டா விடுபட்டதே தெரியாமல் கிராஃபைப் பார்த்து மோட்டாரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

பயன்முறை ‘இடமில்லையென்றால் தவிர்’, கொடி மதிப்பு 0. இடம் போதாவிட்டால் ஃபிரேம் முழுவதையும் விட்டுவிடும். கொடி 1 போட்டால் இடம் உள்ளவரை எழுதி மீதியை வெட்டும், அங்கே ஃபிரேம் எல்லை தொலைந்துபோகும். கொடி 2 போட்டால் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கும். டிபக்கர் இல்லாதபோது அந்தக் காத்திருப்பு முடியவே முடியாது. மோட்டார் போர்டில் 2-ஐத் தொடவே வேண்டாம்.

இன்டரப்டுக்குள் பிரின்ட்எஃப் வேண்டாம். எண்களை மூலவடிவில் காப்பி செய்யுங்கள், தசமமாக மாற்றுவது கணினியின் வேலை.

இன்னொன்று, பூட்டு. சிப்புக்கும் டிபக்கருக்கும் இடையே பூட்டு வேண்டாம் என்றேன். சிப்புக்குள்ளேயே இரண்டு இடங்களிலிருந்து ஒரே சேனலில் எழுதினால் வேண்டும். ஆர்டிடி கோடு கார்டெக்ஸ்-எம்4-இல் பேஸ்பிரை (குறைந்த முன்னுரிமை இன்டரப்டுகளைத் தடுக்கும்) ரெஜிஸ்டரில் 32 என்று எழுதித் தன்னைக் காத்துக்கொள்கிறது. எஸ்டிஎம்32-இல் முன்னுரிமைக்குப் பைட்டின் உயர் 4 பிட்தான், ஆகவே 32 என்பது முன்னுரிமை 2 (எண் சிறியதானால் முன்னுரிமை அதிகம்). உங்கள் ஏடிசி இன்டரப்ட் 0 அல்லது 1-இல் இருந்தால் அந்தப் பூட்டு அதைத் தடுக்காது. மெயின் லூப் எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் புகுந்து எழுதும் இடத்தைக் குழப்பும். 2 அல்லது அதைவிடப் பெரிய எண்ணில் இருந்தால் மெயின் லூப் செய்தி எழுதும் நேரமெல்லாம் கரன்ட் லூப் தள்ளிப்போகும். இரண்டுமே வேண்டாம். இன்டரப்டை 0-இல் வையுங்கள்; சேனல் 1-இல் அது மட்டும், ‘ரைட் நோ லாக்’ ஃபங்ஷன் மூலம் எழுதட்டும். சேனல் 0-இல் மெயின் லூப் மட்டும் எழுதட்டும்.

ஓப்பன்ஓசிடி பக்கம்: டெல்நெட் 4444-இல் நுழைந்து ‘ஆர்டிடி செட்அப்’ கட்டளைக்குத் தேட வேண்டிய ஆரம்ப முகவரி (ஹெக்ஸில் 20000000), தேடும் அளவு, அடையாள எழுத்துகள் மூன்றையும் கொடுங்கள். பிறகு ‘ஆர்டிடி ஸ்டார்ட்’. அடுத்து ‘ஆர்டிடி சர்வர் ஸ்டார்ட்’ என்று ஒரு டிசிபி போர்ட் எண்ணும் சேனல் எண் 1-உம். அந்தப் போர்ட்டில் பைத்தான் சாக்கெட் ஒன்றைத் திறந்தால் ஃபிரேம் கொட்டும். ‘ஸ்டார்ட்’ கொடுக்கும் முன் ஃபர்ம்வேர் ஓடி ஆர்டிடி இனிட்டைத் தாண்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கன்ட்ரோல் பிளாக் கிடைக்கவில்லை என்று சொல்லும்.

---

ஆறாம்_முள்

ஆர்டிடி நல்ல தேர்வுதான். ஆனால் உங்கள் 10 முள் கனெக்டரில் ஆறாவது முள் எஸ்டபிள்யூஓ, சிப்பிலிருந்து டிபக் டேட்டா வெளிவரும் முள். அது சிப்பின் பிபி3 முள்ளுக்கு இணைக்கப்பட்டிருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது.

சிப்பில் டேட்டாவை அந்த முள்ளுக்கு அனுப்பும் ஐடிஎம் என்ற பகுதியில் 32 ஸ்டிமுலஸ் போர்ட்கள் உண்டு. ஒன்றில் 32 பிட் எண்ணை எழுதினால் ஒரு பைட் தலைப்போடு 5 பைட்டாக அந்த முள் வழியே வெளியே போகும். உங்கள் 8 பைட்டுக்கு இரண்டு எழுத்து, 10 பைட். 10 கிலோஹெர்ட்ஸில் நொடிக்கு 100 கிலோபைட். யுஆர்டி போலவே தொடக்க பிட், நிறுத்த பிட் சேர்ந்தால் பைட்டுக்கு 10 பிட், மொத்தம் நொடிக்கு 10 லட்சம் பிட். எஸ்டபிள்யூஓவை 2 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் பாதி இடம் மிச்சம். பிரிஸ்கேலர் 170-ஐ 2-ஆல் வகுத்து ஒன்றைக் கழித்தால் 84.

கவனிக்க வேண்டியவை சில. சிப்பின் கிளாக்கைப் பிறகு மாற்றினால் பாட் விகிதமும் மாறி வெறும் குப்பை வரும். பிஎல்எல் (கிளாக் வேகத்தைக் கூட்டும் பகுதி) அமைத்த பிறகே எஸ்டபிள்யூஓவைத் தொடங்குங்கள். ஜேடேக் என்ற இன்னொரு டிபக் பயன்முறையில் அதே முள் டிடிஓ ஆகிவிடும், ஆகவே எஸ்டபிள்யூடி மட்டும்தான். சிஎம்சிஸ் என்ற ஆர்ம் நூலகத்தில் வரும் ஐடிஎம் சென்ட்கேர் ஃபங்ஷன் ஃபிஃபோ காலியாகும்வரை சுற்றிக்கொண்டிருக்கும். இன்டரப்டுக்குள் அதை அழைக்காமல் போர்ட்டை ஒருமுறை படித்துப் பாருங்கள், பூஜ்யம் என்றால் அந்தச் சுற்றை விட்டுவிடுங்கள்.

இதன் பெரிய பலன் கோடையே தொடாமல் பார்க்க முடிவது. கார்டெக்ஸ்-எம்4-இன் டிடபிள்யூடி (முகவரிகளைக் கண்காணிக்கும்) பகுதியில் பொதுவாக நான்கு கம்பரேட்டர்கள் உண்டு. ஒரு வேரியபிளின் முகவரியைக் கொடுத்தால், அதில் எழுதப்படும் ஒவ்வொரு மதிப்பும் தானாகவே வெளியே வரும். ஃபர்ம்வேரில் ஒரு வரி கூடச் சேர்க்க வேண்டாம்.

குறை: இது சிப்பிலிருந்து கணினிக்கு மட்டும் போகும் ஒருவழிப் பாதை. கேபி, கேஐ மாற்ற வேறு வழி வேண்டும். எம்0, எம்0+ சிப்புகளில் ஐடிஎம்மே கிடையாது, அங்கே ஆர்டிடிதான் கதி.

---

சுழல்விசை

இருவருக்கும் நன்றி. பிபி3-இல் ஹால் சென்சார் இருக்கிறது, அதனால் ஆர்டிடி. சேனல் 1-இல் ஃபிரேம் வருகிறது. பஃபர் இப்போது 1024. வரிசை எண்ணைப் பார்த்தால் 102 அல்லது 103 ஃபிரேம் ஒழுங்காக வந்து, பிறகு எண் 900 அளவுக்குத் தாவுகிறது. மறுபடி 102, மறுபடி தாவல். எஸ்டபிள்யூடி 4 மெகாஹெர்ட்ஸ். வேகம் போதவில்லையா?

---

பஸ்_மேட்ரிக்ஸ்

கம்பி வேகம் காரணமில்லை. 1023-ஐ 10-ஆல் வகுத்தால் 102. பஃபர் ஒருமுறை நிரம்புகிறது, டிபக்கர் வரும்வரை எல்லாம் தவிர்க்கப்படுகிறது. 102-உம் 900-உம் சேர்த்து ஆயிரம் ஃபிரேம், அதாவது 100 மில்லிநொடி. ஓப்பன்ஓசிடி ஆர்டிடியை எட்டிப்பார்க்கும் இடைவெளி இயல்பாக 100 மில்லிநொடிதான். ‘ஆர்டிடி போலிங் இன்டர்வல்’ கட்டளையில் 2 என்று கொடுங்கள்.

பஃபரையும் 4096 ஆக்குங்கள். 409 ஃபிரேம், 41 மில்லிநொடித் தாங்கல். கணினியின் இயங்குதளம் இடையிடையே ஓப்பன்ஓசிடியைச் சில மில்லிநொடி ஓரங்கட்டும், அதற்குத்தான் இந்த இடம். பஃபர் அளவைக் குத்துமதிப்பாக வைக்காமல் இப்படிப் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு எத்தனை பைட், டிபக்கர் வராமல் இருக்கக்கூடிய மிக நீண்ட நேரம் எவ்வளவு, இரண்டையும் பெருக்கினால் வருவதே குறைந்த அளவு.

கம்பி வேகத்தின் உச்சவரம்பும் தெரிந்திருக்கட்டும். எஸ்டபிள்யூடியில் 32 பிட் ஒன்றைப் படிக்க, வேண்டுகோள் 8, பதில் 3, டேட்டாவும் பாரிட்டியும் 33, திசை மாற 2 என்று 46 கிளாக் ஆகும். 4 மெகாஹெர்ட்ஸில் நொடிக்குச் சுமார் 87,000 சொல், 348 கிலோபைட். நடைமுறையில் யுஎஸ்பி போய்வரலால் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது 100. எஸ்டி-லிங்க் வி3 ஹைஸ்பீட் யுஎஸ்பி என்பதால் பரவாயில்லை. சிஎம்சிஸ்-டேப்பின் முதல் பதிப்பு புரோப்பாக இருந்தால் எச்ஐடி வழியில் மில்லிநொடிக்கு 64 பைட் பொட்டலம் ஒன்றுக்கு மேல் போகாது, 100 கிலோபைட்டை நினைத்தே பார்க்க முடியாது.

---

முதல்_பிட்

கேபி, கேஐ மாற்றும் பக்கத்தை இன்னும் யாரும் தொடவில்லை. அங்கேதான் கை சுடும்.

ஜிடிபி வழக்கமான பயன்முறையில் சிப் ஓடும்போது ரேமைத் தொடாது. கன்ட்ரோல்-சி அழுத்தினால் கோரை நிறுத்திவிடும். ஆகவே ஜிடிபியை விட்டுவிட்டு டெல்நெட் 4444-இல் ‘எம்டபிள்யூடபிள்யூ’ கட்டளையால் 32 பிட் சொல்லை எழுதுங்கள். கேபி 2.0 ஆக வேண்டுமென்றால் ஒற்றைத் துல்லிய ஃப்ளோட்டாக அது ஹெக்ஸில் 40000000. முகவரியை மேப் ஃபைலிலிருந்து (லிங்கர் தரும் முகவரிப் பட்டியல்) எடுக்கலாம், ஆனால் அடுத்த பில்டில் அது நகர்ந்துவிடும். பழைய முகவரியில் எழுதினால் வேறு ஏதோ ஒரு வேரியபிள் கெடும், மோட்டார் ஓடும்போது அது விபரீதம். ஒன்று, லிங்கர் ஸ்கிரிப்ட்டில் தனி செக்‌ஷன் வைத்து முகவரியை நிலைப்படுத்துங்கள். அல்லது கணினி ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் எல்ஃப் ஃபைலிலிருந்து (பில்டில் வரும் நிரல் கோப்பு) முகவரியைப் படிக்கட்டும்.

வேரியபிள் வாலடைலாக இருக்க வேண்டும். ஃபர்ம்வேரில் யாரும் மாற்றாத ஸ்டாடிக் வேரியபிளை கம்பைலர் மாறிலியாகவே கருதி இன்ஸ்ட்ரக்‌ஷனுக்குள் பதித்துவிடும்; நீங்கள் ரேமில் எழுதுவீர்கள், லூப் அதைப் பார்க்காது. லிங்க் நேர ஆப்டிமைசேஷன் போட்டிருந்தால் இது இன்னும் தாராளமாக நடக்கும்.

நான்கின் மடங்கான முகவரியில் 32 பிட் சொல் ஒரே பஸ் பரிமாற்றத்தில் போய்விடும், பாதி பழையது பாதி புதியது என்ற பேச்சுக்கே இடமில்லை. சீரற்ற முகவரி, 64 பிட் டபுள், பைட் பைட்டாக எழுதும் கருவி இவற்றில் அந்த உறுதி கிடையாது. அதைவிட முக்கியம், கேபியும் கேஐயும் தனித்தனிப் பரிமாற்றம். இரண்டுக்கும் நடுவில் பல சுற்றுகள் புதிய கேபி, பழைய கேஐயோடு ஓடும். சில ஜோடிகளில் லூப் அலையத் தொடங்கிவிடும்.

இப்படிச் செய்யுங்கள். தனியாக ஒரு ஸ்ட்ரக்ட்: கேபி, கேஐ, வெளியீட்டு வரம்பு, வேண்டுகோள் எண், ஏற்ற எண். டிபக்கர் முதல் மூன்றையும் எழுதி, கடைசியாக வேண்டுகோள் எண்ணை ஒன்று கூட்டும். இன்டரப்ட் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒரே எண்ணைத்தான் பார்க்கும். மாறியிருந்தால் மூன்றையும் வரம்புக்குள் இருக்கிறதா என்று சரிபார்த்து, தன் சொந்த வேரியபிள்களுக்குக் காப்பி செய்து, அதே எண்ணை ஏற்ற எண்ணில் எழுதும். ஏற்ற எண் சமமாகும்வரை டிபக்கர் அடுத்ததை எழுதக் கூடாது. ஆர்டிடியில் இருக்கும் அதே நியதிதான்: ஒவ்வொரு புலத்துக்கும் ஒரே ஒருவர்தான் எழுதலாம்.

கேஐ மாற்றும்போது வெளியீடு துள்ளினால் இன்டக்ரேட்டரைப் பாருங்கள். பிழைகளின் கூட்டுத்தொகையை வைத்துக்கொண்டு கடைசியில் கேஐயால் பெருக்கினால், கேஐ மாறிய கணமே மொத்தத் தொகையும் புதிய எண்ணால் பெருகி வோல்ட்டேஜ் எகிறும். ஒவ்வொரு சுற்றிலும் கேஐ பெருக்கிய பிழையைக் கூட்டிக்கொண்டு போனால், புதிய கேஐ அன்றிலிருந்து வரும் பிழைக்கு மட்டுமே பொருந்தும். துள்ளல் இல்லை.

ஆர்டிடியின் கீழ்நோக்கிய சேனலிலும் இதைச் செய்யலாம். அதன் இயல்பான பஃபர் 16 பைட், கொள்வது 15. தொடக்கக் குறி, அளவுரு எண், 4 பைட் மதிப்பு, சிஆர்சி என்றால் 7 பைட், போதும். படிப்பது மெயின் லூப்பில் இருக்கட்டும். முகவரித் தலைவலி இல்லாதது இதன் நன்மை. கன்ட்ரோல் பிளாக்கைக் கண்டுபிடித்தாலே போதும்.

---

காந்தப்புலம்

டேட்டாவுக்கு முன் ஒரு பாதுகாப்பு விஷயம். தவறிப்போய்க் கோர் நின்றால் பிடபிள்யூஎம் (மோட்டாரை ஓட்டும் துடிப்பு வெளியீடு) என்ன ஆகும் என்று பார்த்துவிட்டீர்களா? இயல்பு நிலையில் கோர் நின்றாலும் டைமர் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசி டியூட்டி அப்படியே உறைந்து நிற்கும், கரன்ட்டைக் கட்டுப்படுத்த ஆளில்லை. உங்கள் பிரேக்பாயின்ட் டிரிப் அதுதான். டிபிஜிஎம்சியூ என்ற டிபக் ரெஜிஸ்டர் தொகுதியில் டிம்1 டைமருக்கான ஸ்டாப் பிட்டை வைத்தால், ஜி4-இல் கோர் நிற்கும் கணத்தில் டைமரும் நிற்கும், எம்ஓஇ (வெளியீடுகளை இயக்கும்) பிட்டை அழித்ததுபோல வெளியீடுகளும் அணையும். ஓஎஸ்எஸ்ஐ பிட்டைப் பொறுத்து அவை அணைந்த மட்டத்தில் இருக்கும், அல்லது கட்டுப்பாடு ஜிபிஐஓவுக்குப் போகும். கேட் டிரைவருக்கு எது பாதுகாப்போ அதை வையுங்கள். ஓவர்கரன்ட் கம்பரேட்டரை ஹார்ட்வேர் பிரேக் உள்ளீட்டுக்கே கொடுங்கள். ஃபர்ம்வேர் நின்றாலும் அது வேலை செய்யும்.

அடுத்து, 10 கிலோஹெர்ட்ஸ் டேட்டா தொடர்ச்சியாக உண்மையிலேயே வேண்டுமா? கரன்ட் லூப்பை டியூன் செய்ய, படி மாற்றம் ஒன்று கொடுத்து அதன் பதிலைப் பார்க்க வேண்டும். அது சில மில்லிநொடியில் முடிந்துவிடும். ரேமில் 8 பைட் வீதம் 1000 இடம் ஒதுக்குங்கள், 8 கிலோபைட். ஆசிலோஸ்கோப் போல அதைச் சுழல் பஃபராக ஓடவிட்டு, க்யூ கரன்ட் இலக்கு மாறும் கணத்தை டிரிகராக வையுங்கள். டிரிகருக்குப் பின் 800 எழுதியதும் நிறுத்திவிட்டு ‘தயார்’ கொடியை ஏற்றுங்கள். டிரிகருக்கு முன் 20 மில்லிநொடி, பின் 80 மில்லிநொடி, ஒரு சுற்று கூட விடுபடாது. டிபக்கர் சாவகாசமாக வந்து மொத்த அரேயையும் ஒரே மூச்சில் படித்து, கொடியை இறக்கட்டும். கம்பி வேகமும் போலிங் இடைவெளியும் இங்கே பொருட்டே இல்லை. இதே இடத்தில் 20 அல்லது 40 கிலோஹெர்ட்ஸ் லூப்பையும் பிடிக்கலாம். தொடர் ஓட்டத்துக்கு ஐந்தில் ஒரு சுற்றை மட்டும் ஆர்டிடியில் அனுப்பினால் போதும்.

---

சுழல்விசை

போலிங் 2, பஃபர் 4096 வைத்ததும் தாவல் நின்றது. டிம்1 ஸ்டாப் பிட்டும் வைத்தாயிற்று. ஆனால் மோட்டாருக்கு லோட் கொடுத்தால் எஸ்டபிள்யூடி தொடர்பு அறுகிறது. 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினால் அறுவதில்லை, ஆனால் ஃபிரேம் மறுபடி விடுபடுகிறது. கேபிள் 40 சென்டிமீட்டர்.

---

பஸ்_மேட்ரிக்ஸ்

விடுபடத்தான் செய்யும். 1 மெகாஹெர்ட்ஸில் உச்சவரம்பே 87 கிலோபைட், உங்களுக்கு வேண்டியது 100. காந்தப்புலம் சொன்ன ஐந்தில் ஒன்று என்றால் 20 கிலோபைட், 1 மெகாஹெர்ட்ஸிலேயே நிம்மதியாக ஓடும்.

அறுவதற்குக் காரணம் கேபிள். 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் வையுங்கள். ரிப்பன் கேபிள் என்றால் கிளாக்குக்குப் பக்கத்தில் கிரவுண்ட் கம்பி வரட்டும், மோட்டார் கம்பிகளுக்கு இணையாக ஓட வேண்டாம். கிளாக் கம்பியில் அதை ஓட்டும் முனையருகே, அதாவது புரோப் பக்கம், 22 அல்லது 33 ஓம் தொடர் ரெசிஸ்டர் உதவும். பவர் ஸ்டேஜின் கிரவுண்டும் கணினியின் யுஎஸ்பி கிரவுண்டும் புரோப் வழியே ஒன்றாகின்றன என்பதை மறக்க வேண்டாம். ஸ்விட்சிங் கரன்ட் அந்த மெல்லிய கம்பி வழியே திரும்பினால் தொடர்பு அறுவதோடு நிற்காது, புரோப்பும் கணினியின் போர்ட்டும் போகலாம். யுஎஸ்பி ஐசொலேட்டர் போடுங்கள். அது ஃபுல்ஸ்பீட் மட்டுமே தாங்கும் வகை என்றால் எஸ்டி-லிங்க் வி3-உம் 12 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

---

ஆறாம்_முள்

இன்னும் இரண்டு பொறிகள் இருக்கின்றன, பலரும் நாள் கணக்கில் மாட்டிக்கொள்வது இவற்றில்தான்.

முதலாவது தூக்கம். மெயின் லூப்பில் டபிள்யூஎஃப்ஐ (இன்டரப்ட் வரும்வரை கோரைத் தூங்கவைக்கும் கட்டளை) இருந்தால், கோர் தூங்கும் நேரத்தில் ரேமுக்கான கிளாக்கும் நின்று டிபக்கர் படிப்பது பூஜ்யமாகவோ பிழையாகவோ வரலாம். பல எஸ்டிஎம்32 சிப்புகளில் டிபிஜிஎம்சியூவில் டிபிஜி ஸ்லீப், ஸ்டாப் பிட்கள் இதற்கென்றே உண்டு. ஸ்லீப் பிட் இல்லாதவற்றில் டிஎம்ஏ ஒன்றின் கிளாக்கை மட்டும் இயக்கிவைத்தாலே ரேம் விழித்திருக்கும். இந்த பிட்கள் சாதாரண ரீசெட்டில் அழிவதில்லை, மின்சாரத்தை அணைத்தால்தான் போகும். ஆகவே ஒருமுறை டிபக்கர் வைத்துவிட்டுப் போனது பிறகும் நீடித்து, மின் நுகர்வு அளவைக் கூட்டிக் காட்டும்.

இரண்டாவது பழைய கன்ட்ரோல் பிளாக். ரீசெட் ஆனாலும் ரேம் அழிவதில்லை. முந்தைய பில்டின் கன்ட்ரோல் பிளாக் வேறு முகவரியில் கிடந்தால் தேடும் கருவி அதைப் பிடித்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும், டேட்டா வராது. பூட்லோடரும் ஆர்டிடி பயன்படுத்தினால் இது நிச்சயம். மேப் ஃபைலில் ஆர்டிடி கன்ட்ரோல் பிளாக்கின் முகவரியைப் பார்த்து அதையே ‘செட்அப்’புக்குக் கொடுங்கள், தேடும் அளவையும் சிறிதாக வையுங்கள். பூட்லோடர் குதிக்கும் முன் தன் அடையாள எழுத்துகளை அழித்துவிடட்டும்.

பின்னாளில் எம்7 பக்கம் போனால் டேட்டா கேஷும் சேரும். டிபக்கர் கோர் வழியாகப் படிக்கிறதா, நேராக பஸ்ஸில் இறங்கிப் படிக்கிறதா என்பதைப் பொறுத்து பழைய டேட்டா தெரியலாம். ஆர்டிடி பஃபரை எம்பியூவில் (நினைவகப் பாதுகாப்புப் பகுதி) கேஷ் இல்லாத பகுதியாக அறிவித்து அங்கே வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

---

முதல்_பிட்

மூன்றாவது தேவைக்கு ஒரு சோதனை. ஆர்டிடி எழுதும் வரிக்கு முன்னும் பின்னும் டிடபிள்யூடியின் சைக்கிள் கவுன்ட்டரைப் படித்துக் கழித்துப் பாருங்கள்; உங்களிடம் சுற்றுக்கு மொத்தம் 17,000 கிளாக் இருக்கிறது. அந்தக் கவுன்ட்டர் ஓட டெம்சிஆர் ரெஜிஸ்டரில் 24-ஆவது பிட்டும் டிடபிள்யூடி கன்ட்ரோலில் 0-ஆவது பிட்டும் வேண்டும். பல டிபக்கர்கள் முதல் பிட்டைத் தாமாகவே வைத்துவிடும், அதனால் மேசையில் வேலை செய்யும். புரோப்பைக் கழற்றி மின்சாரத்தை அணைத்துத் தொடங்கினால் கவுன்ட்டர் ஓடாது. அதை நம்பிய தாமத லூப் ஏதாவது இருந்தால் வெளியே வராது. இரண்டையும் ஃபர்ம்வேரே வைக்கட்டும்.

பிறகு புரோப்பைக் கழற்றி, மின்சாரத்தை முழுவதும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். இன்டரப்டின் தொடக்கத்தில் ஒரு முள்ளை உயர்த்தி முடிவில் இறக்கி ஆசிலோஸ்கோப்பில் அகலத்தைப் பாருங்கள். பஃபர் நிரம்பிய பிறகு தவிர்க்கும் பாதை சிறியது, ஆகவே முதல் 41 மில்லிநொடிக்குப் பின் அகலம் சற்றுக் குறைய வேண்டும். ஐந்தில் ஒன்று அனுப்பினால் அந்தக் கணம் 205 மில்லிநொடியில் வரும்.

---

சுழல்விசை

12 சென்டிமீட்டர் கேபிளும் ஐசொலேட்டரும் போட்டு 1 மெகாஹெர்ட்ஸில், ஐந்தில் ஒன்று. லோடில் ஒரு ஃபிரேமும் விடுபடவில்லை. படிப் பதிலுக்கு 1000 இட அரே. கேபி, கேஐ வேண்டுகோள் எண் முறையில் மாறுகின்றன. இன்டக்ரேட்டரைத் திருத்தியதும் துள்ளலும் போய்விட்டது. புரோப் இல்லாமல் பார்த்தபோது இன்டரப்ட் அகலம் 205 மில்லிநொடி அளவில் குறைகிறது, சொன்னபடியே.